அக்கா உட்கார்ந்து சாப்பிட்ட அன்று

அக்காவோடு ஹோட்டலுக்குப் போகலாம். அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட முடியாது. இது புரிய எனக்கு ஒரு டிசம்பர் மாதம் முழுக்க ஆயிற்று.

வளைகுடாவில் டிசம்பர் என்றால் என்னவென்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால் விளங்காது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வீடு, கார், மால் என்று ஏசிக்கு ஏசி தாவிக்கொண்டிருந்தவர்கள், வெயில் தணிந்ததும் குடும்பம் குடும்பமாக வெளியே வந்துவிடுவோம். பிள்ளைகளுக்கு லீவு. ஹோட்டல்காரர்கள் தோட்டத்தில் மேஜை போட்டு, பேரீச்சை மரத்துக்கெல்லாம் சீரியல் விளக்கு சுற்றிவிட்டு நமக்காகக் காத்திருப்பார்கள். புது வருஷம் பிறக்கிற வரைக்கும் யார் வீட்டிலும் ஒழுங்காக அடுப்பு எரியாது.

அப்படி ஒரு டிசம்பரில்தான் நானும் என் வீட்டுக்காரரும் தோஹாவுக்குக் குடித்தனம் வந்தோம். மேல் மாடியில் அக்காவும் அவள் கணவரும். அக்காவுக்கு ஒரு பெயர் உண்டு. எழுதினால் போன் போட்டுத் திட்டுவாள் என்பதால் எழுதவில்லை. கட்டடத்தில் எல்லாருக்கும் அவள் அக்கா, அவர் சார். சாருக்கு ராஸ் லஃபானில், எரிவாயு ஆலையின் கன்ட்ரோல் ரூமில் ஷிப்ட் டூட்டி. திரையில் ஓடுகிற அளவுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் உத்தியோகம் என்பதால் வாயைத் திறக்கிற வழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. "சரி", "ஆகட்டும்", "பாத்துக்கலாம்". இந்த மூன்றை வைத்துக்கொண்டே முப்பது வருஷம் சம்சாரம் நடத்திய மனிதர். அக்காவுக்குப் பாளையங்கோட்டை. அவர் பேசாமல் விட்டதையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

நாங்கள் வந்த வாரமே எங்களை ஒரு இத்தாலிக்காரன் கடைக்குக் கூட்டிப்போனார்கள். நான் திருச்சிக்காரி. பீட்சாவைத் தவிர இத்தாலி பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மெனு கார்டைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா அந்தக் கார்டைத் தொடவே இல்லை. கைப்பையை நாற்காலியில் வைத்தாள். தண்ணீர் ஊற்ற வந்த நேபாளிப் பையனைப் பார்த்தாள்.

"பையா, அந்தர் மே மதராசி கோன் ஹை?" உள்ளே நம் ஊர்க்காரர் யார் என்று இந்தியில் விசாரணை.

அந்தப் பையன் உள்பக்கம் கையைக் காட்டியதுதான் தாமதம், அக்கா எழுந்து போய்விட்டாள். ஏதோ அவள் நாத்தனார் வீட்டு அடுக்களைக்குப் போகிற மாதிரி, ஆடுகிற கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நாங்கள் சாரைப் பார்த்தோம். சார் தன் தட்டைப் பார்த்தார். பீட்சா வந்து ஆறிப்போன பிறகு அக்கா வெளியே வந்தாள். பின்னாலேயே உயரமான வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர், கையில் ஒரு கிண்ணத்தோடு.

"ஏட்டி, இது யாரு தெரியுமா? கடையநல்லூரு! நம்மாளு. இவுக தங்களுக்குன்னு வச்ச வத்தக்குழம்பு. சுண்டைக்கா போட்டிருக்கு, பிசைஞ்சு சாப்பிடு."

எதில் பிசைவது? பீட்சாவிலா? அதற்கும் ஒரு தட்டுச் சோறு பின்னால் வந்தது. இத்தாலிய மெழுகுவத்தி வெளிச்சத்தில், பக்கத்து மேஜை வெள்ளைக்காரி வாயைப் பிளந்து பார்க்க, நான் வத்தக்குழம்பு சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாது, அருமையான குழம்பு.

இதுதான் அக்கா. உலகத்தில் எந்த நாட்டுச் சாப்பாடாக இருந்தாலும், வளைகுடாவில் அதைச் சமைக்கிறவர்களில் ஒருவன் நம்மாளாகத்தான் இருப்பான் என்பது அவள் சித்தாந்தம். அவனைக் கண்டுபிடிக்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. "மெனு கார்டுல இருக்கது வியாவாரம். சமையக்காரன் தனக்குன்னு வடிக்கது தாம்ட்டி சாப்பாடு" என்பாள். நம்மாள் என்றால் முதலில் நெல்லைச் சீமை. அது இல்லையென்றால் தமிழ்நாட்டில் எந்த மூலையும் சரி. அதுவும் இல்லையென்றால் யாழ்ப்பாணம், பிறகு பாலக்காடு, பிறகு கர்நூல். ரொம்ப நெருக்கடியான ஒரு நாளில், தன் அப்பா ராணுவத்தில் இருந்தபோது ஊட்டிப் பக்கத்து வெலிங்டனில் பிறந்தவன் என்பதற்காக ஒரு டேராடூன்காரனையும் சேர்த்துக்கொண்டாள்.

ஜப்பான்காரன் கடையில் நடந்ததை என் வீட்டுக்காரர் இன்றைக்கும் நாலு பேர் கூடினால் சொல்லிச் சிரிப்பார். அங்கே சமையல் நம் கண்ணெதிரே. நெற்றியில் துணி கட்டிய ஒருவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர்கள் உள்ளே வரும்போது ஜப்பானிய மொழியில் உரக்க வரவேற்பு வேறு. இந்தத் தடவை அக்கா மாட்டிக்கொண்டாள் என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். அக்கா கன்னத்தில் கை வைத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு சட்டியிலிருந்து கரண்டியால் மொண்டு, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"உப்புப் பாக்கதைப் பாத்தியா?" என்றாள் அக்கா. "வேற எந்த ஊர்க்காரனும் உள்ளங்கைல ஊத்திப் பாக்க மாட்டான்." எழுந்து போய்க் கண்ணாடித் தடுப்பின் மேல் சாய்ந்து, "எய்யா, ஊரு எது?" என்றாள். ஜப்பான்காரரின் கத்தி அப்படியே நின்றது. "திருச்செந்தூர் பக்கம்க்கா" என்றார்.

மேனேஜர்கள் சும்மா விட்டதில்லை. லெபனான்காரன் ஒருவன் கதவை மறித்து, "மேடம், மாஃபி கிச்சன்!", கிச்சனுக்குள் போகக் கூடாது என்று கத்தினான். "யல்லா தம்பி, ரெண்டு நிமிஷம். உள்ள மை பிரதர்" என்றாள் அக்கா. "போன மாசமும் பிரதர் என்றீர்கள். அவன் வேறு ஆள். எத்தனை பிரதர் உங்களுக்கு?" என்று அவன் கேட்டதற்கு, "கல்ஃப் ஃபுல்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மெக்சிகோக் கடையில் ரொட்டி போடுகிற பரமக்குடிப் பையனுக்குப் பெண் பார்த்து முடித்து வைத்ததும் அவள்தான். அந்தக் கல்யாணத்துக்கு அவள் போகவில்லை. ஆனால் சமையல் மெனு அவள் சொன்னது.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். சார் மட்டும் சிரித்து நான் பார்த்ததில்லை. எந்தக் கடையானாலும் அவர் எதிரில் ஒரு காலி நாற்காலியும், அதன் மேல் ஒரு கைப்பையும் இருக்கும். அக்காவின் சாப்பாடு வந்தால், ஆறிவிடக் கூடாதென்று இன்னொரு தட்டை எடுத்துக் கவிழ்த்து மூடி வைப்பார். பரிமாறுகிறவன் வந்து அதை எடுத்துவிடுவான். அவன் போனதும் மறுபடி மூடுவார். பிறகு தன் சாப்பாட்டைக் குனிந்து சாப்பிடத் தொடங்குவார். இதை நான் கவனித்த நாளிலிருந்து அக்கா மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அவளிடமே சொன்னேன்.

"அக்கா, சார் பாவம், தனியா உக்காந்து சாப்பிடறாரு."

"பக்கத்துல இருந்தா மட்டும் என்னட்டி? நான் இருந்தாலும் அவுக தனியாத்தான் சாப்பிடுவாக."

கேட்க எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நாலைந்து வருஷம் இப்படியே ஓடியது. சாருக்கு ரிட்டயர்மென்ட் வந்தது. வேலை முடிந்தால் விசா முடிந்தது. ஜனவரியில் பெட்டி கட்ட வேண்டியதுதான். பாளையங்கோட்டையில் வாங்கிப்போட்டிருந்த இடத்தில் வீடு கட்டிப் பாதி எழும்பியிருந்தது. கட்டடம் முழுக்க அக்கா போகப்போகிறாள் என்று ஆளாளுக்கு அழ ஆரம்பித்திருந்த நேரத்தில், மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அக்கா என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள்.

"நான் சிங்கப்பூருக்கு மக வீட்டுக்குப் போயிரலாம்னு இருக்கேன். அவுக ஊருக்குப் போகட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"நாள் என்ன நாளு. இருந்துர வேண்டியதுதான். இங்கன டூட்டின்னு ஒண்ணு இருந்துச்சு. அவுக பஸ்ஸு ஏறிருவாக, நானும் எம்பாட்டுக்கு இருந்துருவேன். அங்கன காலைல இருந்து ராத்திரி வரைக்கும் அவுகளும் நானும் மட்டும். என்னத்தப் பேச? எனக்குப் பயமா இருக்குட்டி." கொடியில் போட்ட சட்டையை எடுத்து உதறி மறுபடி போட்டாள். "அவுககிட்ட இன்னும் சொல்லல. நீயும் சொல்லிராத."

நான் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரமே சார் எங்கள் வீட்டு மணியை அடித்தார். அவர் எங்கள் வீட்டுக்குள் தனியாக வந்ததே முதல் தடவை. காபி வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

"தம்பி, நம்மாளுக ஒருத்தர் கூட சமையக்கட்டுல இல்லாத கடை ஒண்ணு வேணும். கிறிஸ்மஸ் லீவுல ஒரு நாள் அவளக் கூட்டிட்டுப் போகணும். ஒரு தடவையாவது அவ எதுத்தாப்ல உக்காந்து சாப்பிடணும்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. எங்களால் மறுக்க முடியவில்லை.

ஆனால் தோஹாவில் அப்படி ஒரு கடையைத் தேடுவது லேசா? என் வீட்டுக்காரர் கடை கடையாகப் போன் போட்டு, "உங்கள் கிச்சனில் இந்தியர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டார். ஒருத்தி திட்டிவிட்டுப் போனை வைத்தாள். இன்னொருவன், "கவலையே படாதீங்க சார், ஒரு ஆள் கூடக் கிடையாது" என்று ஆறுதல் சொன்னான். அவன் கொச்சிக்காரன் என்பது அவன் இங்கிலீஷிலேயே தெரிந்தது. கடைசியில் கடலோரத்து ஹோட்டல் ஒன்றில் வழி பிறந்தது. விடுமுறைக் காலத்துக்காக ஸ்பெயினிலிருந்தே ஒரு கூட்டத்தை இறக்கியிருந்தார்கள். சமைக்கிறவர், பரிமாறுகிறவர், மேனேஜர் எல்லாம் அந்த ஊர். பாத்திரம் கழுவுகிற மிஷின் கூட ஸ்பெயினில் செய்தது என்று பெருமையடித்தார்களாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரும் கிளம்பினோம். எங்களையும் வரச் சொன்னது சார்தான். வேறு மேஜையில், அதுவும் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அக்கா அந்தப் பக்கம் வந்தால் நான் மறிக்க வேண்டும். இது எனக்கு இட்ட டூட்டி. காரில் போகும்போது சார் மெதுவாக, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் எந்திரிக்காம இரு" என்றார்.

"பாத்ரூமுக்குக் கூடவா?"

"அதுக்குப் போ."

அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். உட்கார்ந்த பிறகும் அவள் கண் அலைபாய்ந்தது. தாடி வைத்த வெள்ளைக்காரன் தண்ணீர் கொண்டு வந்தபோது, "இன்சைட், இந்தியா?" என்று ஆசையாகக் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் ஸ்பெயின்" என்றான். அக்கா அங்கிருந்தே கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தாள். ஒருவரும் உள்ளங்கையில் ஊற்றவில்லை. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். சார் எதிரில் உட்கார்ந்திருந்தார். இருவரும் மேஜைவிரிப்பைப் பார்த்தார்கள்.

சின்னச் சின்னத் தட்டுகளாக வர ஆரம்பித்தன. உப்பில் ஊறின காய், உருளைக்கிழங்கு வைத்த முட்டை அடை, தக்காளி தடவின ரொட்டி. அக்காவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது என்பதால் எனக்குச் செய்தி உடனுக்குடன் வந்துகொண்டிருந்தது. "சாம்பிளு காட்டுதான் போல. சாப்பாடு எப்ப போடுவான்?" சாரின் பதில் கேட்கவில்லை. பெரும்பாலும் அது "பாத்துக்கலாம்" ஆகத்தான் இருக்கும்.

கடைசியாக, மேஜையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய வாணலி வந்தது. மஞ்சள் நிறத்தில் சோறு, மேலே இறாலும் காய்களும். தாடிக்காரன் கரண்டியால் அடியில் சுரண்டி, கருகலாக ஒட்டியிருந்த சோற்றைப் பெருமையோடு எடுத்துச் சாரின் தட்டில் வைத்தான்.

"ஐயய்ய, அடிப்பிடிச்சிருச்சு!" அக்காவின் குரல் எங்கள் மேஜையைத் தாண்டிப் போயிற்று. "அடிப்பிடிச்சதக் கொண்டு வச்சிட்டுச் சிரிக்க வேற செய்யுதான் பாருங்க. அதத் தள்ளி வைங்க, வேற போடச் சொல்லுதேன்."

சார் தள்ளி வைக்கவில்லை. வாயில் போட்டு, கடித்து, கண்ணை மூடினார். பிறகு இன்னொரு வாய். பிறகு தானே கரண்டியை வாங்கி அடியைச் சுரண்டினார்.

"எனக்கு இதுதான் பிடிக்கும்" என்றார். எனக்கே கேட்டது.

"எது? கருகினதா?"

"அடிப்பிடிச்ச சோறு. சின்னதுல இருந்தே."

"முப்பது வருசமா ஆக்கிப் போடுதேன். ஒரு நாளு சொல்லலியே?"

"நீ ஒரு நாளும் அடிப்பிடிக்க விடலியே."

அக்கா தன் பக்கத்தில் வாணலியில் ஒட்டியிருந்ததையும் சுரண்டி அவர் தட்டில் வைத்தாள்.

சாப்பாடு முடிந்தது. தட்டுகளை எடுத்தார்கள். இனி பில் வர வேண்டும். நம் கடைகளில் கடைசி வாய் தொண்டையைத் தாண்டுவதற்குள் சோம்புக் கிண்ணத்தோடு பில் வந்துவிடும். அடுத்த குடும்பம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நாமும் கை காய்வதற்குள் எழுந்துவிடுவோம். இங்கே பில் வரவில்லை. சார் தாடிக்காரனைப் பார்த்தார். அவன் தூரத்திலிருந்து அன்பாகச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தார். மறுபடி சிரித்தான். ஸ்பெயினில் சாப்பிட்டு முடித்தவர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசுவார்களாம். கேட்காமல் பில் வைப்பது, கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்குச் சமமாம். இதெல்லாம் பிற்பாடு நாங்கள் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. அவர்கள் கொண்டு வருவார்கள் என்று நாங்கள் காத்திருந்தோம். நாங்கள் ஆனந்தமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவர்கள் விட்டுவிட்டார்கள். வேறு நாளாக இருந்தால் அக்கா உள்ளே போய்ப் பில்லைத் தானே அடித்துக்கொண்டு வந்திருப்பாள். ஆனால் எழுந்திரிக்காமல் இரு என்று சார் கேட்டுக்கொண்டு கூட்டி வந்திருந்தார். சாருக்கோ ஆளைக் கூப்பிடக் கூச்சம். எனக்குக் கதவைக் காக்கிற டூட்டி. என் வீட்டுக்காரர் நாற்காலியில் சாய்ந்து தூங்கியே போய்விட்டார்.

அந்தச் சும்மா இருந்த நேரத்தில்தான் சார் பேச ஆரம்பித்தார். நான் அந்தப் பக்கமாகச் சாய்ந்து ஒட்டுக்கேட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன ரிஷியா?

"சிங்கப்பூர் போறியாமே. மக சொன்னா."

அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்தாள், மூடினாள்.

"போயிட்டு வா. உன்னத் தடுக்கல" என்றார் சார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைத்தார். "ஆனா நான் ஒருத்தனா அங்க போயி என்ன செய்வேன்? எனக்கு அந்த ஊருல யாரத் தெரியும்? பால்காரன்கிட்ட என்ன பேசணும்னு கூட எனக்குத் தெரியாது. நீதான் போற இடத்துல எல்லாம் ஆளுகளக் கண்டுபிடிக்கவ. ஜப்பான்காரன் கடையிலயே கண்டுபிடிச்சவ. உங்கூட ஹோட்டலுக்கு வரும்போதெல்லாம் நான் தனியா உக்காந்து இருந்தேன்னு நீ நெனைச்சிருப்ப. ஆனா உள்ள இருந்து யாரக் கூட்டிட்டு வருவியோன்னு பாத்துட்டு இருப்பேன்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாலைந்து வருஷமாக அந்த மனிதரைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தேனே! அவர் ஆவலோடு காத்திருந்திருக்கிறார்.

அக்கா என்ன பதில் சொன்னாள் என்பது எனக்குத் தெரியாது. ஊரையே கூட்டுகிற குரலை, அந்த ஒரு பதிலுக்கு மட்டும் தணித்துக்கொண்டாள். முன்னால் குனிந்து என்னவோ சொன்னாள். சார் என்னவோ சொன்னார். அவள் அவர் கையில் ஒன்று போட்டாள். பிறகு அவர் மேஜைவிரிப்பின் மேல் விரலால் கோடு இழுத்தார். அக்கா அதை அழிப்பது போலத் துடைத்துவிட்டு வேறு பக்கமாகக் கோடு இழுத்தாள். அவர் தலையாட்டினார். மறுபடி இழுத்தார். நான் நாற்காலியை எவ்வளவு நகர்த்திப் பார்த்தும் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மண்டை வெடித்துவிடும் போல இருந்தது.

தோட்டத்தில் வெயில் சாய்ந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் போய், புதிதாக வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் விழித்து, "பில் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பத் தூங்கினார். இதற்கு மேல் பொறுக்க முடியாமல், என் காவலை விட்டுவிட்டு அவர்கள் மேஜைக்குப் போனேன்.

"அக்கா, ரொம்ப நேரமாச்சு. நான் போய்ப் பில் கொண்டு வரச் சொல்லட்டுமா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தாள், முக்கியமான வேலையில் குறுக்கே வந்துவிட்ட ஆளைப் பார்க்கிற மாதிரி.

"ஏட்டி, நீ சும்மா போ அங்கிட்டு. புது வீட்டுல சாப்பாட்டு மேசைய சன்னல் பக்கம் போடவா, அடுக்களைப் பக்கம் போடவான்னு பேசிட்டிருக்கோம்லா!"